வளரும் பருவமும் விளையாட்டுப் பயிற்சியும்

பதின்மூன்று வயது நிரம்பிய மாணவர்களை விளையாட்டுத் திடலில் வரிசையாக நிறுத்தினால், ஒருவன் இளைஞனைப் போல் ஓங்கி வளர்ந்திருப்பான். அவனுக்கு அடுத்து நிற்பவன் ஐந்தாம் வகுப்புச் சிறுவனைப் போல் காணப்படுவான். பள்ளிப் பதிவேட்டில் இருவருடைய பிறந்த மாதமும் ஒன்றாகவே இருக்கலாம். இருவரையும் ஒரே ஓட்டப் பந்தயத்தில் ஓடவிட்டு, முதலில் வந்தவனை அணியில் சேர்த்து மற்றவனை விலக்கிவிடுவது எங்கும் உள்ள வழக்கம். இவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுவது பெரும்பாலும் திறமை அன்று, முந்திய வளர்ச்சியே. இதனால் நேரும் இழப்பு உடலைச் சார்ந்தது மட்டுமன்று, மனத்தையும் சார்ந்தது. விலக்கப்பட்ட சிறுவன் திடலுக்கு வருவதையே நிறுத்திவிடக்கூடும். இதைத் தடுப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. சுவரில் ஓர் அளவுகோலும், ஒரு குறிப்பேடும், ஆசிரியரின் கவனமும் போதும்.

வளர்ச்சியை அளந்த முதல் முயற்சி

ஒரே குழந்தையைப் பிறப்பு முதல் முதிர்ச்சி வரை தொடர்ந்து அளந்து எழுதிவைத்த முதற்பெரும் குறிப்பு பிரான்ஸ் நாட்டில் தோன்றியது. மோன்பெயார் என்னும் பிரபு 1759 முதல் 1777 வரை தம் மகனின் உயரத்தை ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அளந்தார். அவருடைய நண்பரான இயற்கை நூலறிஞர் பூஃபோன் அந்த அளவுகளை வெளியிட்டார். உயரத்தை மட்டும் பார்த்தால் சிறுவன் சீராக வளர்ந்ததாகவே தோன்றும். ஆனால் ஆண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தான் என்று கணக்கிட்டபோது வேறோர் உண்மை புலனாயிற்று. குழந்தைப் பருவத்தில் விரைவாக இருந்த வளர்ச்சி படிப்படியாகக் குறைந்து, பருவமடையும் காலத்தில் மீண்டும் திடீரென்று உயர்ந்து, பிறகு முற்றிலும் தணிகிறது.

இக்காலத்து ஆராய்ச்சிகளும் இதனையே உறுதிப்படுத்துகின்றன. பருவமடைவதற்குமுன் சிறுவர் சிறுமியர் ஆண்டுக்கு 5 அல்லது 6 சென்டிமீட்டர் வளர்கின்றனர். வளர்ச்சியின் உச்ச வேகம் சிறுமியருக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டியும், சிறுவருக்கு 14 வயதை ஒட்டியும் ஏற்படுகிறது. அப்பொழுது சிறுமியர் ஆண்டுக்கு 8 சென்டிமீட்டர் வரையிலும், சிறுவர் 9 அல்லது 10 சென்டிமீட்டர் வரையிலும் வளர்வதுண்டு. ஆனால் இச்சராசரி எல்லோருக்கும் பொருந்துவதன்று. நல்ல உடல்நலம் உடைய பிள்ளைகளிலேயே உச்ச வேகம் இரண்டு ஆண்டு முந்தியும் வரலாம், இரண்டு ஆண்டு பிந்தியும் வரலாம். ஆகவே, பிறந்த வயது ஒன்று. உடலின் வயது மற்றொன்று. முந்திப் பருவமடைந்தவருக்கும் பிந்தி அடைந்தவருக்கும் இறுதியில் அடையும் உயரத்தில் பெரிய வேற்றுமை இருப்பதில்லை. இடைப்பட்ட மூன்று நான்கு ஆண்டுகளில் மட்டுமே அவ்வேற்றுமை மலைபோல் தோன்றுகிறது. அணித் தேர்வுகள் நடைபெறுவதோ அந்த ஆண்டுகளில்தான்.

பிறந்த மாதமும் அணித் தேர்வும்

கானடா நாட்டில் பனிக்கட்டி ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை பார்ன்ஸ்லி என்பவரும் அவருடன் பணிபுரிந்தோரும் ஆராய்ந்து 1985-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிகுதியாகவும், இறுதி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவாகவும் உயர்நிலை அணிகளில் இருந்தமை தெரியவந்தது. காரணம் யாதெனில், அந்நாட்டில் சிறுவர் அணிகளுக்குரிய வயது சனவரி முதல் தேதியை வைத்துக் கணக்கிடப்பட்டது. சனவரியில் பிறந்தவனுக்கும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனுக்கும் ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு உண்டு. பத்து வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. மூத்தவன் தேர்ந்தெடுக்கப்படுகிறான், நல்ல பயிற்சியும் கூடுதல் ஆட்டங்களும் பெறுகிறான், அதனால் உண்மையிலேயே சிறந்தவனாகிவிடுகிறான். தொடக்கத்தில் தற்செயலாக இருந்த வேறுபாடு பின்னர் நிலையான வேறுபாடாகிறது. வேறு பல நாடுகளிலும் வேறு பல விளையாட்டுக்களிலும் இதே நிலை காணப்பட்டுள்ளது.

இந்தியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள் உள்ளன. எனவே இங்கும் ஆசிரியர்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

சில போட்டிகளில் வயதை உறுதிசெய்ய மணிக்கட்டு எலும்பை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்க்கின்றனர். அப்படம் காட்டுவது எலும்பின் முதிர்ச்சியே அன்றி, பிறந்த தேதி அன்று. முந்திப் பருவமடைந்த நேர்மையான சிறுவன் ஒருவனின் எலும்பும் வயதுக்கு மேற்பட்ட முதிர்ச்சியைக் காட்டக்கூடும். ஆதலால், ஓங்கி வளர்ந்த மாணவனை வயதை மறைத்தவன் என்று அவசரப்பட்டு ஐயுறுவதும் தகாது.

வடமாலபேட்டைப் பகுதிக்கு இது எவ்வாறு பொருந்தும்?

திருப்பதியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், புத்தூருக்கு அண்மையில் வடமாலபேட்டை உள்ளது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர், 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபின் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வட்டாரத்துக்கு மிகவும் உரிய விளையாட்டு, தமிழில் சடுகுடு என்றும் தெலுங்கில் செடுகுடு என்றும் வழங்கும் கபடியாகும். செலவில்லாத இவ்விளையாட்டு 1990-இல் பெய்ஜிங்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம்பெற்று உலகறியப்பட்டது. பழைய சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சென்ற ரஜனி எதிமார்ப்பு, 2022-இல் பர்மிங்காமில் நடந்த காமன்வெல்த் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்ற இந்திய மகளிர் ஹாக்கி அணியில் கோல்காப்பாளராக இடம்பெற்றார். சிற்றூர்த் திடல்களிலிருந்தும் சிறந்த வீரர்கள் தோன்றுவர் என்பதற்கு இதுவே சான்று. சிற்றூர்ப் பள்ளியில் விலக்கப்படும் பிள்ளைக்கோ நகரத்தில் இருப்பதைப் போல் மற்றொரு கழகமோ மற்றொரு பயிற்சியாளரோ கிடைப்பது அரிது. ஆகையால் அங்குள்ள ஆசிரியரின் முடிவு பெரும்பாலும் இறுதி முடிவாகிவிடுகிறது.

கபடியில் உடலோடு உடல் மோத வேண்டியிருப்பதால், இளையோர் பிரிவுகளுக்கு வயது வரம்போடு எடை வரம்பும் வைக்கப்படுகிறது. மெலிந்த சிறுவனுக்கு இது பாதுகாப்பே. ஆனால் இதிலிருந்து ஒரு தீமையும் விளைவதுண்டு. விரைந்து வளரும் சிறுவன் எடை வரம்பைத் தாண்டாதிருக்க வேண்டி உணவையும் தண்ணீரையும் குறைக்கிறான். எலும்பும் தசையும் மிகுதியான உணவை வேண்டி நிற்கும் காலத்தில் அவன் பட்டினி கிடக்கிறான். கோடை வெப்பத்தில் தண்ணீரின்றி ஓடுவது உயிருக்கே ஊறு விளைவிக்கும். எந்தக் கோப்பைக்காகவும் இவ்வழக்கத்தை ஆசிரியர் அனுமதித்தலாகாது. வரம்பைத் தாண்டிய மாணவனை மேற்பிரிவில் ஆடவிடுதலோ, அவ்வாண்டு பயிற்சி மட்டும் பெறச் செய்தலோ தக்கது.

வளரும் எலும்பின் இயல்பு

நீண்ட எலும்புகளின் முனைக்கு அருகில் குருத்தெலும்பாலான மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. எலும்பு நீள்வது இத்தட்டில்தான். முதிர்ந்த எலும்பைவிட இது மென்மையானது. எலும்பு விரைவாக நீளும்போது தசையும் தசைநாணும் உடனுக்குடன் ஈடுகொடுப்பதில்லை. ஆகவே தசைநாண் எலும்பைப் பற்றியிருக்கும் இடத்தில் இழுப்பு ஏற்படுகிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்புறத்தில் தோன்றும் வலியும் வீக்கமும் இதனால் விளைபவை. அமெரிக்க மருத்துவர் ஆஸ்குட், சுவிட்சர்லாந்து மருத்துவர் ஷ்லாட்டர் ஆகிய இருவரும் 1903-இல் தனித்தனியே இதனை விளக்கினர். குதிகாலில் தோன்றும் இதுபோன்ற வலியை 1912-இல் செவர் விளக்கினார். இவை பெரும்பாலும் ஓய்வினாலேயே குணமடைகின்றன. “வலியைப் பொருட்படுத்தாதே” என்று கூறித் தொடர்ந்து குதிக்கவைப்பதே தவறு.

சிறுவரின் வலிமை, உயரத்தோடு உடன்வருவதில்லை. உயர வளர்ச்சி உச்சத்தைக் கடந்து அரை ஆண்டு முதல் ஓராண்டு கழித்தே தசை வலிமை விரைந்து பெருகுகிறது. இடைக்காலத்தில் கைகால்கள் நீண்டுவிட்டமையால், முன்பு எளிதாகச் செய்த தாவலிலும் திருப்பத்திலும் சிறுவன் தடுமாறுவான். இது சோம்பலுமன்று, கவனக்குறைவுமன்று.

சிறுமியருக்கு முதல் மாதவிலக்குப் பொதுவாக உயர வளர்ச்சியின் உச்சம் கடந்து ஏறத்தாழ ஓராண்டில் நிகழ்கிறது. உடலமைப்பு மாறுவதால் ஓட்டமும் தாண்டலும் சிறிது காலம் முன்னேறாமல் நிற்பதுண்டு. அதனைக் குறையாகக் கருதிப் பெண்ணை விளையாட்டினின்றும் விலக்குவது பெரும் பிழை. சோர்வு நீடித்தால் இரத்தசோகை உண்டா என்று பார்க்கவேண்டும். 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையை மாணவியர் உண்மையாக உட்கொள்வதைக் கண்காணிப்பதும் ஒரு விளையாட்டுப் பயிற்சியே எனலாம்.

சுவரில் ஓர் அளவுகோல்

வளர்ச்சியின் வேகத்தை அறியும் முறை எளிது. சமதளமான தரையை ஒட்டிய சுவரில் எஃகு நாடா ஒன்றைச் செங்குத்தாகப் பொருத்த வேண்டும். மாணவன் காலணியின்றி, குதிகால் சுவரைத் தொட, நேராகப் பார்த்து நிற்க வேண்டும். காதுத் துளையும் கண்குழியின் கீழ்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருத்தல் அவசியம். முக்கோணச் சட்டம் ஒன்றைச் சுவரோடு பொருத்தித் தலையுச்சி வரை இறக்கி அளவைக் குறிக்கலாம். முதுகெலும்பின் இடைத்தட்டுக்கள் பகலில் அழுந்துவதால், காலையில் இருந்த உயரம் மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவு குறைவதுண்டு. ஆதலின் எப்பொழுதும் ஒரே வேளையில் அளக்க வேண்டும்.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அளந்து, ஆறு மாத வேறுபாட்டைக் கொண்டு முடிவுசெய்வது நலம். எடுத்துக்காட்டாக, ஒரு மாணவனின் உயரம் சூன் மாதத்தில் 146 சென்டிமீட்டரும், டிசம்பரில் 150.5 சென்டிமீட்டரும் ஆனால், ஆறு மாத வளர்ச்சி 4.5 சென்டிமீட்டர், ஆண்டுக்கு 9 சென்டிமீட்டர் வேகம். வேகம் 7 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால், அவன் விரைந்து வளரும் பருவத்தில் இருக்கிறான் என்று கொள்ளலாம். அந்த மாதங்களில் கடினத் தரையில் குதித்தலையும் திரும்பத் திரும்ப விரைந்தோடுதலையும் குறைத்து, சமநிலை, பந்தைக் கையாளுதல், மூச்சடக்கம், கால்வைப்பு முதலிய நுட்பங்களில் கவனம் செலுத்த வேண்டும். நொண்டி நடத்தல், இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி, குறையாத வீக்கம் ஆகியவை காணப்பட்டால் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

பயிற்சி நேரத்துக்கும் ஓர் அளவு உண்டு. தன் வயதின் எண்ணிக்கையைவிட அதிகமான மணிநேரம் வாரந்தோறும் ஒழுங்கமைந்த பயிற்சி பெறும் பிள்ளைகளுக்குக் காயம் மிகுதியாக ஏற்படுவதை அமெரிக்க மருத்துவர்கள் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு காட்டுகிறது. அதன்படி, 13 வயதுடையவனுக்கு வாரத்தில் 13 மணி நேரமே உச்சவரம்பு. வாரத்தில் ஒருநாளேனும் முழு ஓய்வு தேவை.

மனத்தின் வளர்ச்சி

உடல் வளர்ச்சியைக் கருதாத தேர்வினால் இரு வகை மாணவரும் கெடுகின்றனர். சிறியவன், ‘எனக்குத் திறமை இல்லை’ என்னும் முடிவுக்கு வருகிறான். பெரியவனோ உடலின் பருமையாலேயே வென்றுவிடுவதால் நுட்பம் கற்பதில்லை. பதினேழு வயதில் மற்றவர்கள் வளர்ந்து அவனுக்கு நிகராகும்போது, முதன்முறையாகத் தோல்வியைச் சந்திக்கிறான். அதைத் தாங்கும் பழக்கம் அவனுக்கு இல்லை.

இங்கிலாந்தின் காற்பந்துக் கழகங்கள் சில, பிறந்த ஆண்டை விடுத்து, உடல் முதிர்ச்சியை ஒட்டிச் சிறுவரைப் பிரித்து அவ்வப்போது ஆடவைத்தன. பிந்தி வளர்ந்த சிறுவர்கள் தம் நுட்பத்தைக் காட்டவும் அணியை நடத்தவும் வாய்ப்புப் பெற்றனர்; முந்தி வளர்ந்தவர்கள் வலிமை மட்டும் போதாது என்பதை உணர்ந்தனர். சிற்றூர்ப் பள்ளியிலும் இது இயலும். வாரத்தில் ஒருநாள் வகுப்பை மறந்து, உயரத்தையும் எடையையும் கொண்டு குழுக்களை அமைத்துக் கபடியோ கோ-கோவோ ஆடச் செய்யலாம். மற்ற நாட்களில் வழக்கம்போல் வகுப்புத் தோழரோடு ஆடலாம்.

ஆசிரியரின் சொல்லும் அளவுகோலே. “நீ எத்தனையாவதாக வந்தாய்?” என்று கேட்பதைவிட, “சென்ற மாதத்தைவிட எவ்வளவு முன்னேறினாய்?” என்று கேட்பது சிறந்தது. குறிப்பேட்டில் உயரத்துக்கு அருகில் அவனுடைய ஓட்ட நேரத்தையும் தாண்டல் தூரத்தையும் எழுதிவைத்தால், மாணவன் தன்னோடு தானே போட்டியிடக் கற்றுக்கொள்வான். வளர்ச்சியினால் தற்காலிகமாகப் பின்தங்கியவனுக்கு அக்குறிப்பேட்டையே காட்டிக் காரணத்தை விளக்கலாம். அவ்விளக்கம் வெறும் ஆறுதல் அன்று, விஞ்ஞான உண்மை.

செய்யத்தக்கவை

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு மாணவனுக்கும் மாணவிக்கும் வளர்ச்சிக் குறிப்பு ஒன்று இருத்தல் வேண்டும். அணியிலிருந்து விலக்கப்படும் பிள்ளையை அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். அதுவரை அப்பிள்ளை திடலுக்கு வந்து பயிற்சி பெறும் வழி அடைக்கப்படலாகாது. ஊர்களுக்குச் செல்லும் கள ஊழியர்கள், பிள்ளையின் உயரத்தைப் பிறரோடு ஒப்பிட்டுக் கவலைப்படும் பெற்றோருக்கு இவ்வுண்மைகளை எடுத்துரைக்கலாம். ஒரு பள்ளியின் விளையாட்டுப் பணி சிறந்ததா என்பதை அது வென்ற கோப்பைகளைக் கொண்டு மட்டும் கூறவியலாது. ஆறாம் வகுப்பில் திடலுக்கு வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பிலும் ஆடிக்கொண்டிருக்கின்றனர் என்று எண்ணிப் பார்த்தல் அதற்குரிய சரியான கணக்காகும்.