புதிய டி.வி., பழைய கம்பி

நம் ஓசூர் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். தீபாவளிக்குப் போனஸ் கிடைத்ததும் பல இல்லங்களில் புதிய டி.வி. வந்து இறங்கும். எங்கள் தோழி ஒருத்தியின் இல்லத்திலும் அவ்வாறே வந்தது. சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் அவள் தந்தை, போனஸ் பணம் முழுவதையும் கொடுத்து எச்.டி. டி.வி. ஒன்றை வாங்கினார். எச்.டி. செட்டாப் பாக்ஸும் பெற்று, மாதந்தோறும் எச்.டி. சேனல்களுக்குக் கூடுதல் பணமும் கட்டி வந்தார். ஆயினும் படம் மங்கலாகவே இருந்தது. முகங்கள் பக்கவாட்டில் உப்பித் தெரிந்தன. திரையின் அடியில் ஓடும் செய்தியைப் பாட்டியால் வாசிக்க முடியவில்லை. "கடையில் ஏமாந்துவிட்டோம்" என்று தந்தை மனம் வருந்தினார்.

டி.வி.யில் குறை ஏதுமில்லை. குறை கம்பியில் இருந்தது! அது எவ்வாறு என்று காண்போம்.

முன்பு கேபிள் கம்பியை நேராக டி.வி.யில் செருகினோம். 2012இல் பெருநகரங்களில் தொடங்கிய டிஜிட்டல் முறை, 2017இல் நம் போன்ற ஊர்களுக்கும் வந்தது. கேபிளில் வரும் டிஜிட்டல் குறிகளைப் படமாகவும் ஒலியாகவும் மாற்றித் தருவதே செட்டாப் பாக்ஸின் பணி.

படம் என்பது நுண்ணிய புள்ளிகளின் கூட்டம். சாதாரணப் படத்தில் 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள். முழு எச்.டி. படத்தில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். வகுத்துப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு! மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய கம்பியில் மஞ்சள் முனை மட்டுமே படத்தைக் கொண்டு செல்லும். மற்ற இரண்டும் ஒலிக்கு உரியவை. அந்த மஞ்சள் கம்பியால் எச்.டி. படத்தைக் கொண்டு வர இயலாது. எச்.டி.எம்.ஐ. என்னும் கம்பியோ படம், ஒலி இரண்டையும் ஒன்றாகவே எடுத்துச் செல்லும்.

இணைக்கும் முறை இதுதான்:

1. டி.வி., செட்டாப் பாக்ஸ் இரண்டின் பிளக்கையும் கழற்றுங்கள்.

2. வெளியிலிருந்து வரும் கேபிளைப் பாக்ஸின் பின்புறம் திருகி இறுக்குங்கள்.

3. எச்.டி.எம்.ஐ. கம்பியின் ஒரு முனையைப் பாக்ஸிலும், மறுமுனையை டி.வி.யிலும் செருகுங்கள். முனையின் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். ஆகவே திருப்பி வைத்து அழுத்தாதீர்கள்.

4. மின்சாரம் கொடுத்து, டி.வி. ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானை அழுத்தி, செருகிய துளையின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். 'நோ சிக்னல்' என்று வந்தால் பெரும்பாலும் இந்த எண் தவறியிருக்கும்.

5. பாக்ஸின் செட்டிங்ஸில் படத்தின் அளவை 1080 என்றும், வடிவை 16:9 என்றும் வையுங்கள். உப்பிய முகங்கள் சரியாகிவிடும்.

ஒன்றை மறவாதீர்கள். டி.வி., பாக்ஸ், கம்பி, சேனல் ஆகிய நான்கும் எச்.டி.யாக இருந்தால்தான் தெளிவு கிட்டும். சாதாரணப் பாக்ஸ் சிலவற்றிலும் எச்.டி.எம்.ஐ. துளை உண்டு, ஆனால் அதில் எச்.டி. படம் வராது. ஒரே சேனல் சாதாரணமாகவும் எச்.டி.யாகவும் வெவ்வேறு எண்களில் வரும். 2019 முதல் சேனல்களை நாமே தேர்ந்து பணம் செலுத்தும் முறை இருப்பதால், பெற்றோர் தாங்கள் எவற்றுக்குப் பணம் கட்டுகிறோம் என்று கேபிள்காரரிடம் கேட்டறிவது நலம். இடி மின்னலின்போது பிளக்கை மட்டுமன்றிக் கேபிளையும் முன்னதாகவே கழற்றி வையுங்கள். வெளியே வெகுதூரம் ஓடிவரும் அக்கம்பி வழியாகவும் மின்னலின் தாக்கம் வீட்டினுள் வரக்கூடும்.

எங்கள் தோழி ஒரு ஞாயிறன்று தானே கம்பியை மாற்றினாள். பத்து நிமிட வேலைதான். எட்டு மாதமாகக் கட்டிய கூடுதல் பணத்துக்கு உரிய படம் அன்றுதான் வந்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்ட பாட்டி, அடியில் ஓடிய செய்தியை உரக்க வாசித்தார். தந்தை ஒன்றும் பேசவில்லை. மகளின் தலையை அன்போடு தடவினார்.

"கம்பி வேலை பெண்களுக்கு எதற்கு?" என்று எவரேனும் கேட்டால், தோழியரே, இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். இன்றே உங்கள் டி.வி.யின் பின்புறத்தையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்!