உயர் குருதியமுக்கம்: மெய்யும் மயக்கமும்

நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்த பின்னரே மருந்து செய்தல் வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுக்கும் நெறியாகும். இந்நெறி பெரிதும் வேண்டப்படும் நோய்களுள் உயர் குருதியமுக்கம் ஒன்று. பெரும்பாலும் அது வலியையோ வேறு குறியையோ காட்டுவதில்லை. கருவி காட்டும் எண்ணே அதனை அறிவிக்கின்றது. அவ்வெண் மயக்குமாயின் மருத்துவமும் வழிதவறும்.

கையிற் பட்டியைக் கட்டி இரசக் கம்பத்தால் அமுக்கத்தை அளக்கும் முறையை 1896 ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் றிவா றொச்சி வகுத்தார். பட்டி தளரும்போது நாடியில் எழும் ஒலிகளைக் கேட்டு மேலெல்லை, கீழெல்லை இரண்டையும் அறியும் வழியை 1905 இல் உருசிய மருத்துவர் கொறொட்கோவ் காட்டினார்.

எனினும், அளக்கும் சூழலே அமுக்கத்தை மாற்றுவதுண்டு. 1983 இல் மான்சியா முதலான இத்தாலிய ஆய்வாளர், நோயாளரின் நாடியினுள் அமுக்கத்தை இடைவிடாது அளந்துகொண்டிருக்கையில், மருத்துவர் அருகே வந்தவுடன் அது உயர்தலைக் கண்டனர். மருத்துவமனையில் உயர்ந்தும் வீட்டில் இயல்பாயும் இருக்கும் நிலை 'வெண்மேலங்கி உயரமுக்கம்' எனப்படும். இதன் மறுதலை இதனினும் கொடியது. மருத்துவர் முன்னிலையில் இயல்பாயிருந்து ஏனைய வேளைகளில் உயர்வதை 'மறைந்த உயரமுக்கம்' என்பர். முன்னதில் வேண்டாத மருந்து கொடுக்கப்படலாம். பின்னதில் வேண்டிய மருந்து கிடையாமற் போகலாம். வீட்டில் அளத்தலும் 24 மணிநேர அளவையும் இவற்றைப் பிரித்தறிய உதவும்.

சிறுநீர்பெருக்கி ஒன்று உட்பட மூவகை மருந்துகளைத் தக்க அளவில் உட்கொண்டும் தணியாத அமுக்கம் 'மருந்துக்கு அடங்கா உயரமுக்கம்' எனப்படும். நான்காம் மருந்தைச் சேர்க்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும்.

முதலாவது, எண் மெய்யானதா? பருத்த கையிற் சிறிய பட்டியைக் கட்டினாலும், ஐந்து நிமிட ஓய்வின்றி அளந்தாலும், அளக்கும்போது பேசினாலும் அமுக்கம் கூடுதலாகத் தோன்றும்.

இரண்டாவது, மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுகின்றதா? நோவில்லாமையால் இடையில் நிறுத்துவோர் பலர். அவர்களைக் கடிவதிலும், விலையோ மறதியோ பக்கவிளைவோ காரணம் எனப் பரிவுடன் கேட்டறிவதே பயன்தரும்.

மூன்றாவது, அமுக்கத்தை உயர்த்தும் வேறு காரணம் உண்டா? மிகையான உப்பு, மது, சில வலிநீக்கி மாத்திரைகள், அளவுமீறி உண்ணும் அதிமதுரம், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படல், சிறுநீரக நாடியின் ஒடுக்கம் என்பன அத்தகையன. அதிரீனற் சுரப்பி அல்டொஸ்டெரோனை மிகையாகச் சுரத்தலும் அவற்றுள் ஒன்று. 1955 இல் இந்நோயை விளக்கியவர் அமெரிக்க மருத்துவர் கொன். 2015 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், அல்டொஸ்டெரோனின் செயலைத் தடுக்கும் ஸ்பைரோனோலக்டோன், நான்காம் மருந்தாக ஒப்பிடப்பட்டவற்றுட் சிறந்ததெனக் காணப்பட்டது.

அடங்கா அமுக்கம் மூளையையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஓசையின்றிச் சிதைக்க வல்லது. ஆதலின், ஒருமுறை கண்ட எண்ணுக்கு அஞ்சுதலும், நோவில்லை என மருந்தைத் தாமே நிறுத்துதலும் ஒருங்கே தவறாகும். செவ்வனே அளந்து, மீண்டும் அளந்து, முதலை நாடித் தணிப்பதே அறிவுடைமையாம்.