கூடவே வரும் குறுங்கோள்

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியில், ஹலேயாகலா எரிமலையின் உச்சியில் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி இருக்கிறது. பூமிக்கு அருகில் வரும் கற்களைத் தேடுவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. 2016 ஏப்ரல் 27 அன்று அதன் பார்வையில் ஒரு மங்கலான புள்ளி சிக்கியது. பாதையைக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் அதன் விசேஷம் தெரிந்தது. அது பூமியைக் கடந்து போய்விடும் கல் அல்ல, பூமியோடு கூடவே வரும் கல்.

முதலில் 2016 ஹெச்ஓ3 என்று அழைக்கப்பட்ட அதற்கு, ஹவாய் மக்களின் படைப்புப் பாடல் ஒன்றிலிருந்து எடுத்து 'காமோஅலேவா' என்று பெயர் வைத்தார்கள். அதன் குறுக்களவு 40 முதல் 100 மீட்டருக்குள் இருக்கலாம் என்பது கணிப்பு.

பூமியிலிருந்து பார்த்தால் இது ஆண்டுக்கு ஒருமுறை நம்மைச் சுற்றுவதுபோலத் தோன்றும். ஆனால் இது சுற்றுவது சூரியனைத்தான். ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் ஏறத்தாழ 366 நாட்கள், கிட்டத்தட்ட நம்முடைய ஓராண்டு. பூமியின் பாதை ஏறக்குறைய வட்டம். இதன் பாதையோ சற்றே நீண்ட வட்டம். அதனால் ஆண்டில் பாதிக் காலம் பூமியைவிடச் சூரியனுக்கு அருகில் இருக்கிறது. அப்போது வேகம் கூடி நம்மை முந்துகிறது. மீதிக் காலம் வெளிப்பக்கம் விலகி, வேகம் குறைந்து பின்தங்குகிறது.

நெடுஞ்சாலையில் பேருந்தோடு போகும் ஒரு பைக், வலப்பக்கமாக முந்தி, முன்னால் குறுக்கே வந்து, இடப்பக்கமாகப் பின்தங்கி, மறுபடி வலப்பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேருந்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தன்னைச் சுற்றுவதாகவே படும். இரண்டும் போவது ஒரே ஊருக்குத்தான்.

இப்படிப்பட்டவற்றைப் போலித் துணைக்கோள்கள் என்கிறார்கள். நிலாவை பூமியின் ஈர்ப்பு பிடித்து வைத்திருக்கிறது. காமோஅலேவா அந்தப் பிடிக்குள் வருவதே இல்லை. மிக நெருங்கும்போதுகூட நிலாவைப்போல 38 மடங்கு, அதாவது சுமார் 1.5 கோடி கிலோமீட்டர் தள்ளியே நிற்கிறது. அதிகபட்சமாகச் சுமார் 100 மடங்குவரை விலகுகிறது. ஆனாலும் பூமிக்கு இதில் பங்கு உண்டு. பாதை மெல்ல முன்னாலோ பின்னாலோ நகரத் தொடங்கினால், பூமியின் மெல்லிய இழுப்பு அதைத் திருப்பிவிடுகிறது. இந்த உறவு சுமார் நூறு ஆண்டுகளாக நீடிக்கிறது. இன்னும் சில நூற்றாண்டுகள் தொடரும் என்று கணக்குகள் சொல்கின்றன.

இதைப் பார்ப்பது லேசுப்பட்ட காரியமல்ல. ஆண்டுதோறும் ஏப்ரல் வாக்கில் சில வாரங்கள்தான் வாய்ப்பு, அதுவும் பெரிய தொலைநோக்கிகளுக்கு மட்டும். அதன் ஒளி கூடிக் குறைவதை வைத்து, அது 28 நிமிடங்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுவதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே பகல் சுமார் 14 நிமிடம், இரவு சுமார் 14 நிமிடம்! இவ்வளவு சிறிய கல் இந்த வேகத்தில் சுழன்றால், அதன் நடுப்பகுதியில் உதிரியாகக் கிடக்கும் ஜல்லியைப் பிடித்து வைக்க அதன் ஈர்ப்பு போதாது.

2021-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென் ஷார்க்கி குழுவினர் வெளியிட்ட முடிவு இன்னும் ஆச்சரியமானது. காமோஅலேவாவிலிருந்து வரும் ஒளியின் நிறமாலை, வழக்கமான குறுங்கோள்களைவிட, அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த நிலாப் பாறைகளோடுதான் ஒத்துப்போனது. நிலாவில் ஏதோ மோதியபோது தெறித்த துண்டாக இருக்குமோ? 2024-ல் வேறொரு குழு அந்த இடத்தையே சுட்டிக்காட்டியது: நிலாவின் மறுபக்கத்தில் உள்ள, சுமார் 22 கிலோமீட்டர் அகலமான ஜியார்தானோ புரூனோ பள்ளம். அது சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் உருவான, நிலாவின் கணக்கில் மிக இளைய பள்ளம்.

நேரில் போய்ப் பார்க்கவே 2025 மே மாத இறுதியில் சீனா தியான்வென்-2 விண்கலத்தை ஏவியது. 2026 ஜூலையில் குறுங்கோளை அடைந்து, மாதிரி எடுத்து, 2027 இறுதியில் அதைப் பூமியில் இறக்க வேண்டும் என்பது திட்டம். சுழலும் கல்லில் மாதிரி எடுப்பது சிரமம் என்பதால் மூன்று வழிகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள்: மேலே மிதந்தபடியே எடுப்பது, தொட்டுவிட்டு உடனே எழும்புவது, கால்களைப் பாறையில் ஊன்றித் துளையிடுவது.

ஆய்வகத்தில் முதலில் கவனிக்கப்படுபவற்றில் ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதமும் இருக்கும். பூமிக்கும் நிலாவுக்கும் அது ஏறக்குறைய ஒன்றே. பெரும்பாலான விண்கற்களில் மாறுபடும். மாதிரியை இறக்கியதும் விண்கலம் ஓய்வெடுக்கப் போவதில்லை. 311பி என்ற வால்நட்சத்திரத்தை நோக்கிக் கிளம்பி, 2035 வாக்கில் அங்கே போய்ச் சேர வேண்டும்.