விளைச்சல் கணக்கை நீங்களும் பார்க்கலாம்

பிசான நெல் அறுவடையின்போது, குலுக்கல் முறையில் தேர்ந்த வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அறுத்து, எடை போடுவார்கள். இதுவே பயிர் அறுவடைப் பரிசோதனை. 10 கிலோ கண்டால் ஏக்கருக்குச் சுமார் 1,620 கிலோ. காப்பீட்டு இழப்பீடு பெரும்பாலும் இந்தச் சராசரியைப் பொறுத்தே அமைவதால், விவசாயிகள் அன்று வயலில் நின்று எடையைக் கவனிப்பது மிக அவசியம்.

பயிர்ப் பரப்புக்கு அடங்கலே ஆதாரம். இரண்டையும் தொகுத்து, மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் ‘பருவம் மற்றும் பயிர் அறிக்கை’ வெளியிடுகிறது. இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். அதற்கு முந்தைய கணக்கைத் திருநெல்வேலி மாவட்டத்தின் கீழ் தேட வேண்டும். தாமிரபரணிப் பாசன வயலும் நம் சிற்றாற்றுக் குளத்து வயலும் அங்கே ஒரே சராசரியாகக் கலந்து நிற்கும்.