காக்கா ஆழிக்கு வைரஸ் கிடையாது

1996 ஜூலையில் வந்த 'இண்டிபென்டன்ஸ் டே' படத்தை இப்போது போட்டுப் பார்த்தாலும் முதல் அரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழ முடியாது. ஊரையே மூடும் நிழல். மேலே வந்து நிற்கும் கப்பல் ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்கிறது. அந்தச் சும்மா நிற்பதுதான் பயம். இயக்குநர் ரோலண்ட் எம்மரிக்கின் கெட்டிக்காரத்தனம் அது. வெள்ளை மாளிகைக்கு மினியேச்சர் கட்டி, நிஜமாகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். நெருப்பும் தூசியும் இன்னும் பழசாகாமல் இருப்பது அதனால்தான். விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் நியாயமாகக் கிடைத்தது.

கதைதான் சொதப்பல். மடிக்கணினியில் எழுதிய வைரஸை ஏற்றி, அண்டம் கடந்து வந்தவர்களை முடக்கிவிடுகிறார்கள். நம் வீட்டு பிரிண்டரே பக்கத்தில் இருக்கும் கணினியோடு பேச மறுக்கிறது! 1963-இல் வந்த நம் 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் பானுமதியைக் கடத்துவது பாட்டும் ஆட்டமும் கற்றுக்கொள்ள; எம்.ஜி.ஆர். அங்கேயே போய் மீட்கிறார். காரணம் என்று பார்த்தால் அது எவ்வளவோ மேல்.

வந்தவர்கள் வெட்டுக்கிளிபோல் ஒவ்வொரு கிரகமாகத் தின்று தீர்த்துவிட்டு நகர்பவர்கள் என்று அமெரிக்க அதிபருக்குத் தெரியவரும் இடத்தைப் படம் அவசரமாகத் தாண்டிவிடுகிறது. வடசென்னையின் எண்ணூரிலிருந்து பார்த்தால் இதுதான் பெரிய குறை; அங்கேயும் வெளியிலிருந்து வந்த ஒன்று இடத்தைத் தின்றுகொண்டிருக்கிறது.

எண்ணூரில் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று சொல்லும் சிப்பி பரவிக் கிடக்கிறது. பூர்வீகம் தென் அமெரிக்கக் கரைகள். சரக்கில்லாத கப்பல்கள் நிலை தடுமாறாமலிருக்க நிரப்பிவரும் பாலாஸ்ட் நீரில் வந்திருக்கும் என்பது கணிப்பு. பக்கத்திலேயே காமராஜர் துறைமுகம். மெல்லிய நார்களால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தரை முழுக்கப் பாய் விரித்ததுபோல் படர்கிறது. இறால் புதைந்து கிடக்கச் சேறு வேண்டும்; அந்தச் சேறு மூடிப்போகிறது. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்குச் சிக்குவது வெறும் ஓடு. மஞ்ச மட்டிக்கும் இடமில்லை.

விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்விட்டது. படத்தில் தாய்க்கப்பல் வெடித்தால் கதை முடிந்தது. இங்கே கப்பல்கள் வந்துகொண்டேதான் இருக்கும். சிப்பியை அள்ளுவதோடு நிறுத்தாமல், துறைமுகங்களுக்கு வரும் பாலாஸ்ட் நீரைச் சோதித்து, முடிவுகளை எண்ணூர் மீனவக் கிராமங்களுக்குத் தமிழில் தெரிவிக்க வேண்டும்.