நிழலுக்கும் நிறமுண்டு

பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே 1872-ஆம் ஆண்டு தீட்டி, இன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வால்ட்டர்ஸ் கலைக்கூடத்தில் ‘வசந்தம்’ என்ற பெயரோடு விளங்கும் சித்திரத்தில், லைலாக் செடிகளின் நிழலில், புல்தரையின்மேல் பாவாடை நாற்புறமும் பரந்து கிடக்க, கையிலுள்ள புத்தகத்தில் லயித்தவளாய் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவள் மோனேயின் மனைவி காமில்; இடம், பாரிசுக்கு அருகே ஸேன் நதிக்கரையில் அவர்கள் குடியிருந்த அர்ஜான்தேய். அவள் படிப்பது கதையா, கவிதையா என்று ஓவியர் நமக்குச் சொல்லவில்லை. அவருடைய சிரத்தையெல்லாம் இலைகளின் இடுக்கு வழியே இறங்கி அவளது வெளிர் ரோஜா நிற உடையின்மேல் சிந்திக் கிடக்கும் வெயிலில்தான்.

அந்த உடையை நெருங்கிப் பார்த்தால் துணி மறைந்து, ஒன்றோடொன்று குழைக்காமல் தனித்தனியே வைத்த வெளிறிய வர்ணத் திட்டுகளே கண்ணில் படும். சற்று விலகி நின்றாலோ, அத்திட்டுகளே மெல்லிய மஸ்லினாகவும், அதன்மேல் அசையும் வெயிலாகவும் ஆகிவிடுகின்றன. மரத்தடியில் விழும் வெயில் பொட்டுகள், இலையிடுக்கு எந்த வடிவில் இருந்தாலும், பெரும்பாலும் வட்டமாகவே இருப்பதன் காரணம், ஒவ்வொரு சிறு இடுக்கும் ஊசித்துளைக் காமிராவாக நின்று சூரியனுடைய பிம்பத்தையே கீழே வீழ்த்துவதுதான்; சூரிய கிரகணத்தின்போது அப்பொட்டுகள் பிறைகளாக மாறுவதை எவரும் காணலாம்.

இதைவிட நுட்பமானது நிழல். நிழல் என்பது ஒளியற்ற இடம் அன்று. சூரியனின் நேர்க்கிரணம் தடைப்பட்ட இடத்திலும் நீலவானத்தின் ஒளியும், இலைகளில் பட்டுத் திரும்பும் பச்சையொளியும் வந்து சேர்வதால், வெள்ளைத் துணியின் நிழலில் நீலமும் ஊதாவும் பச்சையும் கலந்து தோன்றுகின்றன. அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விந்தையை ரசாயன அறிஞர் ஷெவ்ரல் 1839-இலேயே நூலாக எழுதியிருந்தார். ஆயினும் கலாசாலை மரபினர் நிழலென்றால் பழுப்பையும் கறுப்பையுமே நாடினார்கள். மோனேயோ தம் கண் கண்டதையே நம்பினார். அந்தத் துணிவையே நான் இந்தச் சித்திரத்தின் பெருமையாகக் கருதுகிறேன்.

துணிவுக்குக் கருவியும் துணை வேண்டுமல்லவா? முன்னாளில் எண்ணெய் வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்து, வேண்டும்போது துளையிட்டுப் பிதுக்கி எடுத்தார்கள். துளையிட்டபின் அது விரைவில் கெட்டியாகிவிடும். ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841-இல் மூடியுள்ள தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்ற பிறகே, வர்ணங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு தோட்டத்துக்கும் ஆற்றங்கரைக்கும் செல்வதும், வெயில் நகருமுன் அவசரமாகத் தூரிகையை வீசுவதும் ஓவியர்களுக்கு எளிதாயிற்று.