கோலார் தங்கவயல்: ஓர் ஆழத்தின் வரலாறு

பெங்களூருக்குக் கிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் கோலார் தங்கவயல் அமைந்துள்ளது. பெங்களூரில் ஸ்ரீராம்புரம் போன்ற தமிழர் மிகுந்த பேட்டைகளில் இப்பெயரை அறியாதவர் அரியர். நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் ஈந்த இச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. தங்கம் தீர்ந்துவிட்டதாகப் பலர் கூறுவர். அது முழு உண்மையன்று. தங்கத்தைத் தரைக்குக் கொண்டுவரும் செலவு அத்தங்கத்தின் விலையை விஞ்சிவிட்டது என்பதே பொருந்தும்.

இப்பகுதியின் பாறைகள் சுமார் 270 கோடி ஆண்டுப் பழமையுடையவை. வடக்கு தெற்காக நீளும் கரும்பாறைப் பட்டையினூடே வெண்ணிறப் படிகக் கற்களாலான மெல்லிய நாளங்கள் செங்குத்தாகக் கீழிறங்குகின்றன. தங்கம் இந்நாளங்களில் உள்ளது. மேற்பரப்பில் தொடங்கிய நாளத்தைப் பின்பற்றிச் செல்வோர் கீழே, மேலும் கீழே செல்வதன்றி வேறு வழியில்லை. இவ்வூரின் வரலாறு முழுவதையும் வகுத்தது இந்த அமைப்பே.

1802-இல் மைசூரின் எல்லையை அளந்துகொண்டிருந்த லெப்டினன்ட் ஜான் வாரன், கிராம மக்கள் மண்ணைக் கழுவித் தங்கத்துகள் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். எழுபது ஆண்டுகள் கழித்து, 1873-இல், மைக்கேல் லாவெல் என்பவர் மைசூர் அரசிடம் அனுமதி பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி பொறுப்பேற்றது. சில ஆண்டுகளில், பழங்காலத்தோர் தோண்டிய குழிகளுக்கு அடியில் வளமான சாம்பியன் நாளம் அகப்பட்டது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வேலை தேடி வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஊரில் நிலமும் உரிமையும் மறுக்கப்பட்டிருந்த தாழ்த்தப்பட்ட மக்களாவர்.

ஆழம் பெருகப் பெருகப் புதிய தேவைகள் எழுந்தன. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குடிநீர் வந்தது. காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம், 92 மைல் கம்பிகளைக் கடந்து 1902-இல் சுரங்கத்தை அடைந்தது. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது 1905-இல்தான்! சாம்பியன் ரீஃப் சுரங்கம் இறுதியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அங்கே பாறையின் உஷ்ணம் 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல். குளிரூட்டிய காற்றைச் செலுத்தாமல் மனிதன் அங்கு நிற்க இயலாது.

வெப்பத்தினும் கொடியது பாறை வெடிப்பு. மூன்று கிலோமீட்டர் கனமுள்ள பாறையின் பளு கீழுள்ள பாறையை அழுத்திக்கொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு பகுதியைக் குடைந்து எடுத்தால், அது தாங்கிய பளு பக்கத்துப் பாறைக்கு மாறுகிறது. தாங்கும் எல்லை கடந்தவுடன் அப்பாறை எச்சரிக்கையின்றி வெடித்துச் சிதறுகிறது. தரைமேலுள்ள வீடுகளும் குலுங்கின. குடைந்த இடத்தைக் கருங்கல்லாலும் பின்னர்க் கான்கிரீட்டாலும் நிரப்பிப் பார்த்தனர். வெடிப்புகள் குறைந்தனவேயன்றி நிற்கவில்லை.

ஓசையின்றிக் கொன்றது வேறொன்று. பாறையைத் துளையிடும்போது எழும் சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கி அதை இறுகச் செய்யும். 1940-களில் ஆயிரக்கணக்கான தொழிலாளரைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்நோய் இருப்பது தெரியவந்தது. தங்கவயலின் பெருமையை விரித்துரைப்போர் பலர் இக்கணக்கைத் தொடுவதில்லை.

மனிதனை வருத்திய இதே ஆழம் விஞ்ஞானத்திற்கு வாய்ப்பாக அமைந்தது. வானிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களைத் தடித்த பாறை வடிகட்டிவிடும். நியூட்ரினோ என்னும் நுண்துகள் மட்டும் பாறையைத் துளைத்துச் செல்லும். மேலிருந்து வரும் பிற துகள்கள் அரிதாகச் சுரங்கத்தை எட்டக்கூடும். ஆனால் பக்கவாட்டில் அவற்றால் அவ்வளவு பாறையைக் கடக்கவியலாது. ஆகவே கருவியில் கிடைமட்டமாகப் பாயும் துகள் ஒன்று பதிவாயின், அதை அருகிலிருந்த பாறையில் ஒரு நியூட்ரினோவே தோற்றுவித்திருக்க வேண்டும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாருடனும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருடனும் சேர்ந்து, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவினர். வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் அடையாளத்தை 1965-இல் கண்டனர். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றிலும் இவ்வெற்றி கிட்டியது.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசுக்கும், 1962-இல் மத்திய அரசுக்கும் உரிமையாயின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி உருவாயிற்று. அதற்குள் செழுமையான பகுதிகள் தீர்ந்திருந்தன. இறுதிக் காலத்தில் ஒரு டன் கல்லில் கிடைத்தது சில கிராமே. அந்த ஒரு டன்னை மேலேற்றவும், நீரை இறைக்கவும், காற்றைக் குளிர்விக்கவும் ஆகும் செலவோ குறையவில்லை. இறைப்பு நின்றபின் நிலத்தடி நீர் சுரங்கங்களில் ஏறி நிறைந்தது.

தரைமேல் எஞ்சியவை சாம்பல்நிற மேடுகள். கல்லைப் பொடியாக்கிச் சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் ஒதுக்கிய கழிவு அது. மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்டது. சயனைடு வெயிலில் பெரும்பாலும் சிதைந்துவிடும். சிலிக்காத் தூள் சிதைவதில்லை. காற்றுக் காலத்தில் அது பறந்து வீடுகளிலும் பள்ளிகளிலும் படிகிறது. சுரங்கத்துள் கால் வைத்திராத குழந்தைகளும் அத்தூளைச் சுவாசிக்கின்றனர்.

கைவிடப்பட்டது சுரங்கமேயன்றி ஊரன்று. மக்கள் அங்கேயே வாழ்கின்றனர். விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்கள் அவர்களைக் கூலி வேலைக்கும் அலுவலகங்களுக்கும் பெங்களூருக்கு ஏற்றிச்செல்கின்றன. பங்காருப்பேட்டை வரையில் அவை செல்வது, சுரங்கத்திற்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இடப்பட்ட அதே பாதையில்தான்.